வானொலி முதல் மஞ்சப்பை வரை: கொங்கு நாட்டின் காதில் நின்ற விளம்பர வாசகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்து விளம்பரங்கள் இங்கே பேசப்படுகின்றன?

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிய 1950 முதல், தனியார் தொலைக்காட்சிகள் வீட்டுக்குள் வந்து நிலைத்த 1990-களின் இறுதி வரையிலான காலமே இங்கு எல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கங்களில் அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் இன்றும் யோசிக்காமல் ஒப்பிக்கக்கூடிய வரிகளும், அவற்றைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வழக்கமாகக் கேட்கும் ஐயங்களும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விளம்பரம் செய்யப்பட்ட பொருள் நல்லதா, கெட்டதா என்ற ஆராய்ச்சிக்குள் நாம் போகவில்லை.

இவ்வளவு காலம் கழித்தும் அந்த வரிகள் மறக்காமல் இருப்பதற்கு என்ன காரணம்?

அந்தக் காலத்து விளம்பரக்காரர்கள் திறமைசாலிகள், இன்றைக்கு இருப்பவர்கள் அப்படியல்லர் என்று பொதுவாகச் சொல்லப்படும் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய வரிகளை எழுதிப் பார்த்தால் அவற்றுள் பாதி வெறும் பொருளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகவே இருக்கும். அவை நிலைத்ததற்குக் காரணம் கேட்கப்பட்ட விதம். டீக்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் மளிகைக் கடையிலும் ஒரே ஒரு வானொலிப் பெட்டி இருக்க, அதைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே வரியை ஒரே நேரத்தில் கேட்டார்கள். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறிக்குடோன்களில் விசைத்தறியின் சத்தத்தை மீறி வானொலியிலிருந்து காதுக்கு எட்டியது பாட்டின் பல்லவியும் விளம்பரத்தின் பெயரும்தான். ஆளுக்கொரு திரையில் ஆளுக்கொரு விளம்பரம் பார்க்கும் இன்றைய ஏற்பாட்டில், பக்கத்தில் இருப்பவர் அதே வரியை முணுமுணுத்துக் கேட்கும் வாய்ப்பே இல்லை. ஒரு வரி நினைவில் நிற்பதற்குப் பக்கத்து ஆளின் வாயும் வேண்டும் என்பதே என் கருத்து. பின்வரும் விடைகள் பெரும்பாலும் அந்தக் கருத்தையொட்டியே அமையும்.

வானொலி விளம்பரம் என்றதும் பெரியவர்கள் எல்லாரும் ஏன் இலங்கை வானொலியைச் சொல்கிறார்கள்? நம் நாட்டில் வானொலி இல்லையா?

இருந்தது. சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் அகில இந்திய வானொலியின் பெயரில் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டன. ஆனால் அதில் விளம்பரத்துக்கு இடமில்லை. 1952-ஆம் ஆண்டில் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் திரைப்படப் பாடல்களும் அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ வெளியேற்றப்பட்டன. மக்கள் கேட்க விரும்பியது பாட்டு. வணிகர்கள் சொல்ல விரும்பியது விளம்பரம். இரண்டுக்கும் இந்தியாவில் கதவடைக்கப்பட்டிருந்த நேரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கை வானொலி இரண்டையும் சேர்த்தே வரவேற்றது. இந்திய நிறுவனங்கள் கொழும்பில் நேரம் வாங்கி இந்தியாவில் இருந்தவர்களுக்கு விளம்பரம் செய்த விசித்திரமான நிலை அப்படித்தான் உண்டாயிற்று.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித் பாரதி தொடங்கப்பட்டுத் திரைப்பாடல்கள் இந்திய வானொலிக்குத் திரும்பின. எனினும் விளம்பரம் அதில் இடம்பெறுவதற்கு மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1967-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான் பம்பாய், புனே, நாக்பூர் நிலையங்களில் முதன்முதலாக விளம்பரங்கள் ஒலித்தன. அதற்குள் ஒரு தலைமுறை இலங்கையின் குரல்களுக்குப் பழகிவிட்டது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களின் தெளிவான உச்சரிப்பு, பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடையே இருந்த கோட்டையே அழித்துவிட்டது. நல்ல தமிழைக் கேட்பதற்காகவே விளம்பரத்தையும் காது கொடுத்துக் கேட்டவர்கள் உண்டு.

கோபால் பல்பொடி விளம்பரத்தில் நாடுகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னது ஏன்?

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் மக்களின் பேராதரவு பெற்றது என்று நீளும் அந்த வாசகத்தை, இளஞ்சிவப்பு நிறப் பொடியைக் கையாலேயே தொட்டிராதவர்கள்கூடச் சொல்வார்கள். அந்த நாட்டுப் பட்டியல் வெறும் பெருமைக்காக வந்தது அன்று. தமிழர்கள் எங்கெல்லாம் வாழ்ந்தார்களோ, இலங்கை வானொலி எங்கெல்லாம் கேட்டதோ, அந்த எல்லையையே அது சொல்லிற்று. தோட்ட வேலைக்கும் வணிகத்துக்கும் கடல் கடந்த உறவினர்களை உடைய குடும்பங்கள் கொங்கு நாட்டிலும் இருந்தன. அவர்களுக்கு அது பல்பொடியின் விலாசமாக மட்டும் கேட்டிருக்காது.

"லைஃப்பாய் எவ்விடம் ஆரோக்கியம் அவ்விடம்" என்பது மொழிபெயர்ப்பா?

ஆம். இந்தியில் பாடப்பட்ட வரிகளின் தமிழ் வடிவம் அது. "ஆரோக்கிய வாழ்வினைக் காப்பது லைஃப்பாய்" என்று தொடங்கி அந்த இடத்துக்கு வந்து முடியும். வீட்டில் எவரும் "எவ்விடம், அவ்விடம்" என்று பேசுவதில்லை. "வாழ்வினை" என்று சாரியை போட்டும் பேசுவதில்லை. பாட்டின் மெட்டை நிறைக்க வேண்டிய கட்டாயத்தில் செய்யுள் நடையை எடுத்தாண்டவருக்கு எதிர்பாராத பலன் கிடைத்தது: பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாடலைப் போலவே சிறுவர்கள் அதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். தேயிலைக்குச் சொல்லப்பட்ட "நிறம், திடம், சுவை" என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. மூன்றும் ஒரே அளவான சிறு சொற்கள். எழுதத் தெரியாதவருக்கும் வரிசை மாறாது. அந்தத் தேயிலையை விற்ற புரூக் பாண்ட் நிறுவனத்தின் பெயரைக் கோவையின் ஒரு சாலை நெடுங்காலம் தாங்கி நின்றது. புரூக்ஃபீல்ட்ஸ் வணிக வளாகத்துக்குப் போகிறவர்கள் அந்தச் சாலையில்தான் போகிறார்கள்.

நிர்மா பாட்டு மட்டும் எப்படி அத்தனை வீடுகளுக்குள் நுழைந்தது?

பாட்டைப் பற்றிப் பேசும் முன் விலையைப் பேச வேண்டும். குஜராத்தின் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்பவர் 1969-ஆம் ஆண்டில் தாமே தயாரித்து, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கத் தொடங்கிய சலவைத் தூள் அது. மகள் நிருபமாவின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர்தான் நிர்மா. அப்போது சந்தையை ஆண்டுகொண்டிருந்த சர்ஃபின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக அது விற்கப்பட்டது. "வாஷிங் பவுடர் நிர்மா" என்று பொருளின் வகையையும் பெயரையும் ஒட்டவைத்துப் பாடியதால், கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் இரண்டையும் சேர்த்தே கேட்டான்.

கொங்கு நாட்டில் இன்னொரு காரணமும் இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அதை எவரும் விளம்பர வரலாற்றில் எழுதுவதில்லை. சிறுவாணித் தண்ணீர் வாய்த்த கோவை நகரத்தாரை விட்டுவிடுங்கள். அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் துணி துவைக்கக் கிடைத்தது பெரும்பாலும் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் வரும் உப்புத் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த தண்ணீரில் பழைய கட்டிச் சோப்பு எளிதில் நுரைக்காது. திரிந்து பிசுக்காகத் துணியின் மேலேயே படியும். செயற்கைச் சலவைத் தூளுக்கு அந்தத் தொல்லை குறைவு. பாட்டு காதில் விழுந்தது, விலை கைக்கு எட்டியது, தண்ணீரும் ஒத்துழைத்தது. இம்மூன்றில் பாட்டு ஒன்றே நினைவில் மிஞ்சியிருப்பதால் வெற்றி முழுவதையும் பாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

நிர்மாவின் மலிவுக்கு விடையாகச் சர்ஃப் நிறுவனத்தார் 1980-களில் கொண்டுவந்தவர்தான் லலிதாஜி. விளம்பரக்காரர் அலீக் பதம்சியின் கற்பனையில் உருவாகி, கவிதா சௌத்ரி நடித்த அந்தக் கறாரான இல்லத்தரசி, மலிவான பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் வேறுபாடு உண்டு என்று பேரம் பேசும் நடையில் விளக்கினார். சந்தையில் தக்காளி வாங்கும்போதுகூட இரண்டு கூறு பார்த்து வாங்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு அவரைப் புரியாமலா போயிருக்கும்?

சொட்டு நீலம், வேட்டி விளம்பரங்களுக்கு இங்கே தனி மதிப்பு இருந்ததாகச் சொல்வது உண்மையா?

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அன்றாட உடையாக இருந்த ஊர்களில் அதற்குத் தனி மதிப்பு இருக்கத்தானே செய்யும். வெண்துணி நாளாக நாளாக மஞ்சளிக்கும். நீலம் கலந்த நீரில் அலசினால் அந்த மஞ்சள் கண்ணுக்கு அடங்கி வெண்மை கூடியதாகத் தோன்றும். ராபின் நீலத் தூளைத் துணியில் முடிந்து தண்ணீரில் அசைத்த காலத்தில், சரியாகக் கரையாத நீலம் சட்டையில் திட்டுத்திட்டாகப் படிந்துவிடும் என்பது எல்லா வீட்டின் கவலையாகவும் இருந்தது. திரவ நீலம் வந்ததும் அக்கவலை தீர்ந்தது. "சொட்டு நீலம் டோய்" என்று கூவிய ரீகல் விளம்பரமும், 1983-ஆம் ஆண்டில் அண்டை மாவட்டமான திருச்சூரிலிருந்து கிளம்பிய உஜாலாவின் விளம்பரங்களும் விற்றது அந்த நிம்மதியைத்தான். "டோய்" என்ற அந்த ஒற்றை அசையைத் தெருப் பிள்ளைகள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கொங்கு நாட்டிலேயே பிறந்த வாசகங்கள் எவை?

இக்கேள்விக்கு விடை தேடும்போதுதான் ஒரு வினோதம் புலப்படுகிறது. பொருள்கள் ஏராளமாக இங்கே பிறந்தன. அவற்றை விற்ற குரல்கள் பெரும்பாலும் வேறு ஊர்க் குரல்களாக இருந்தன.

சேலத்தின் நரசுஸ் காபியை எடுத்துக்கொள்வோம். 1926-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. "பேஷ், பேஷ்! ரொம்ப நன்னா இருக்கு!" என்ற அதன் வாசகம் தமிழ்நாடு முழுவதும் பரவி, காபிக்குத் தொடர்பே இல்லாத எதையும் பாராட்டுவதற்குப் பயன்படலாயிற்று. ஆனால் சேலத்துச் சந்தையில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. காபியின் தரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அக்கிரகாரத்துக் குரல்தான் வேண்டும் என்று விளம்பர உலகம் முடிவு செய்திருந்தது. சேலத்துக் காபியும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டது.

நாமக்கல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. 1982-ஆம் ஆண்டில் பி.வி. ராவ் முன்னின்று உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாட்டு மக்களை முட்டை சாப்பிடவைக்கத் தொலைக்காட்சியில் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டது. "சண்டே ஹோ யா மண்டே, ரோஜ் காவோ அண்டே" (ஞாயிறோ திங்களோ, தினமும் முட்டை சாப்பிடுங்கள்) என்ற அந்த வரியைக் கேட்டுத் தின்னப்பட்ட முட்டைகளில் எத்தனையோ நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி ஏறியவை. முட்டை நம்முடையது, பாட்டு இந்தியினுடையது. அண்டே என்றால் என்னவென்று தெரியாமலே நாமக்கல் பிள்ளைகள் அதைப் பாடினார்கள்.

கோவையின் மோட்டார்களும் பம்புசெட்டுகளும் பாட்டை நம்பவே இல்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ஆம் ஆண்டில் மின்மோட்டாரைத் தயாரித்த நாளிலிருந்து, கிணற்று மேட்டில் ஓடும் இயந்திரமே இங்கு விளம்பரம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் "அஞ்சு வருசமா ஓடுதுங்க, ஒரு தொந்தரவு இல்லீங்க" என்று சொல்லும் ஒரு வரிக்கு எந்த விளம்பர நிறுவனமும் ஈடு கொடுக்க முடியாது. 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் மாவரைக்கும் கிரைண்டரும் அப்படியே. பொருட்காட்சியில் ஊறவைத்த அரிசியைக் கண் முன்னால் அரைத்துக் காட்டித்தான் அது வீடுகளுக்குள் போயிற்று. "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்ற பெயர் பின்னாளில் புவிசார் குறியீடு பெற்றது; ஊரின் பெயரே வாசகமாக மாறிய அரிய நிகழ்வு அது.

உள்ளூர்ப் பொருள், உள்ளூர் முதலாளி, நினைவில் நிற்கும் வாசகம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் திருப்பூருக்குப் போக வேண்டும். கே.ஆர். நாகராஜன் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய ராம்ராஜ் காட்டன், தந்தை ராமசாமியின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அமைத்த பெயரில் வேட்டி விற்றது. "சல்யூட் ராம்ராஜ்" என்ற அதன் வாசகம் வேட்டியின் நூலைப் பற்றியோ நீளத்தைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. உடுத்தியவருக்குக் கிடைக்கும் மரியாதையைப் பற்றி மட்டும் சொன்னது. பேண்ட் அணிந்தவர் உள்ளே போக, வேட்டி கட்டியவர் வாசலில் நிற்க நேர்ந்த காலத்தில் அந்தச் சல்யூட் எங்கே குறிவைத்தது என்பதை இப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கொங்குத் தமிழ் ஏன் பழைய விளம்பரங்களில் கேட்கவில்லை?

விளம்பரங்கள் பம்பாயில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுச் சென்னையில் தமிழாக்கப்பட்டவை. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே ஒலிப்பதிவு போக வேண்டியிருந்ததால், எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ் தேவைப்பட்டது. திரைப்படங்களோ கொங்குப் பேச்சைக் கவுண்டமணி, கோவை சரளா போன்றோரின் வாயிலாக நகைச்சுவையோடு பிணைத்துவிட்டன. சிரிப்புக்குரிய பேச்சாகக் காட்டப்பட்ட ஒன்றில் தங்க நகையையோ மருந்தையோ விற்க அக்காலத்து நிறுவனங்கள் துணியவில்லை. பிற்காலத்தில் கோவையில் பண்பலை நிலையங்கள் பெருகியபோதுதான், "வாங்க, வந்து பாருங்க" என்று நீட்டி முழக்கி மரியாதை சொட்டும் உள்ளூர்க் குரல் உள்ளூர்க் கடைகளுக்காக ஒலித்தது. விலை பேசும்போதும் "ங்க" போட்டுப் பேசும் வழக்கமுடைய நாட்டின் பேச்சு, வணிகத்துக்கு மிகவும் பொருத்தமானது என்பதை விளம்பரக்காரர்கள் கண்டுகொள்ள அரை நூற்றாண்டு ஆயிற்று.

திரையரங்குகளில் காட்டப்பட்ட விளம்பரங்கள் எப்படிப்பட்டவை?

தென்னிந்தியாவின் திரையரங்க வரலாற்றில் கோவைக்கு முன்வரிசை இடம் உண்டு. ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்றார். 1914-ஆம் ஆண்டில் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார். வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் அதன் எச்சம்.

பிற்காலத்து டெண்டுக் கொட்டகைகளிலும் நகரத்து அரங்குகளிலும் படம் தொடங்குவதற்கு முன்பும் இடைவேளையிலும் சிலைடுகள் காட்டப்பட்டன. கண்ணாடித் தகட்டில் எழுதி ஒளி பாய்ச்சப்பட்ட அந்த வாசகங்களில் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் மருந்துக்கடையும் மாறி மாறி வரும். சத்தமில்லாத அந்த வரிகள் இன்று எவருக்கும் நினைவில்லை. அவற்றை அடுத்து வந்த சிறு படங்களின் பாட்டுகள்தாம் நினைவில் நிற்கின்றன. "விக்கோ வஜ்ரதந்தி" என்ற பற்பசைப் பாட்டு அவற்றுள் முதன்மையானது. அதே நிறுவனத்தின் மஞ்சள் கிரீமுக்கான பாட்டில், இது ஒப்பனைப் பொருள் அன்று, ஆயுர்வேதக் கிரீம் என்று அழுத்திச் சொல்லப்பட்டது. ஒப்பனைப் பொருளா, மருந்தா என்று கலால் வரித் துறையுடன் அந்நிறுவனம் பல ஆண்டுகள் வழக்காடியதை அறிந்தவர்களுக்கு அந்த வரியின் அழுத்தம் வேறு விதமாகக் கேட்கும். மஞ்சளுக்கென்றே சந்தை நடத்தும் ஈரோட்டார், மகாராட்டிரத்தார் ஒருவரின் மஞ்சள் கிரீம் பாட்டைக் காசு கொடுத்து உட்கார்ந்து கேட்டார்கள்.

தொலைக்காட்சி விளம்பரங்கள் இங்கே எப்போது வந்தன?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொடங்கியது. 1976 முதல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்றது. கொங்கு நாட்டு வீடுகளுக்குப் படம் ஒழுங்காகக் கிடைத்தது 1980-களில்தான். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி, ஒருவர் மாடியிலிருந்தும் ஒருவர் வாசலிலிருந்தும் குரல் கொடுத்துச் சரிசெய்த அனுபவம் பலருக்கு உண்டு. வண்ண ஒளிபரப்பு 1982-ஆம் ஆண்டில் வந்தது.

அக்காலத்து விளம்பரங்களுள் குடும்ப அமைப்பை மிகத் துல்லியமாகப் பிடித்தது உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரம் என்பது என் எண்ணம். குழந்தை அழுகிறது, என்ன என்று ஒருத்தி கேட்க, அவளுடைய தாயும், தாயின் தாயும் ஒருவர் பின் ஒருவராக வந்து, நீ குழந்தையாக இருந்தபோது உனக்கும் அதைத்தான் கொடுத்தேன் என்கிறார்கள். மருத்துவரோ வெள்ளைக் கோட்டோ அங்கே தேவைப்படவில்லை. அம்மாயியின் சொல்லுக்கு மேல்முறையீடு இல்லாத வீடுகளில் அந்த ஒரு சாட்சி போதுமானதாக இருந்தது. ஹார்லிக்ஸின் "நான் அப்படியே சாப்பிடுவேன்", ரஸ்னாவின் "ஐ லவ் யூ ரஸ்னா" ஆகியவை பிள்ளைகளை நேரடியாகக் குறிவைத்தவை. பெற்றோரின் பையைத் திறக்கும் சாவி பிள்ளையின் பிடிவாதத்தில் இருப்பதை அவை கண்டுகொண்டிருந்தன.

அந்த மெட்டுகளை அமைத்தவர்கள் யார்?

பெரும்பாலானவர்களின் பெயர் வெளியே வரவில்லை. அறிந்தவற்றில் சில: 1970-களில் கொடைக்கானலின் பாம்பார் அருவியில் படமாக்கப்பட்ட லிரில் சோப்பு விளம்பரத்தின் "லா லா லா" மெட்டு வன்ராஜ் பாட்டியாவினுடையது, அந்த அருவியை லிரில் அருவி என்றே அழைப்பவர்கள் உண்டு. டைட்டன் கடிகாரத்தின் மெட்டு மொசார்ட்டின் 25-ஆம் சிம்பொனியிலிருந்து எடுக்கப்பட்டது. கடிகாரம் தயாரானதோ ஓசூரில். ஏ.ஆர். ரஹ்மான் 1992-ஆம் ஆண்டில் திரையிசைக்கு வருவதற்கு முன் விளம்பர மெட்டுகள் அமைத்துத்தான் தொழில் பழகினார்.

அரசு வாசகங்களும் இதில் அடங்குமா?

அடங்காமல் எப்படி? எந்தச் சோப்பும் பெறாத அளவுக்குச் சுவர்களைப் பெற்றது "நாமிருவர் நமக்கிருவர்" என்ற வாசகம். தலைகீழான சிவப்பு முக்கோணத்தின் அருகில் அது எழுதப்படாத ஆரம்பச் சுகாதார நிலையத்தைக் காண்பது அரிது. பின்னர் அது "நமக்கொருவர்" என்று மேலும் குறுகியது. கொங்கு மாவட்டங்களில் பிறப்பு விகிதம் மாநிலத்தின் பிற பகுதிகளைவிட விரைவாகக் குறைந்தது உண்மை. அதற்குக் கல்வி, சொத்துப் பிரிவினை பற்றிய கவலை, பெண்கள் ஆலை வேலைக்குப் போனது முதலிய பல காரணங்கள் உண்டு.

அந்த வாசகத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. எண்ணிக்கையைச் சொன்ன அது, அந்த எண்ணிக்கைக்குள் பெண் குழந்தைக்கும் சம இடம் உண்டு என்பதைச் சொல்லவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் அரசு தொடங்க வேண்டிவந்ததை நினைத்தால், சுவரில் எழுதப்படாமல் விடுபட்ட வரி எது என்பது விளங்கும்.

சுவர் எழுத்துகளையும் மஞ்சப்பையையும் விளம்பரம் என்று கொள்ளலாமா?

கொள்ளலாம். திருமணத்துக்கு ஜவுளி எடுத்தவர்களுக்குக் கடைக்காரர் கொடுத்த மஞ்சள் துணிப்பை, கடையின் பெயரையும் ஊரையும் தாங்கி, அரிசி மூட்டைக்கும் பேருந்துக்கும் இடையே பல ஆண்டுகள் அலைந்தது. இதைவிட மலிவாக இவ்வளவு நாள் உழைத்த விளம்பரம் வேறில்லை. நெகிழிப் பைகளுக்கு மாற்றாகத் தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, பழைய பையே ஒரு புதிய வாசகமாயிற்று. சுவர் எழுத்துகளைப் பொறுத்தவரை, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959-ஆம் ஆண்டு முதலே தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நகர்வோம். சட்டத்தின் செல்வாக்கை நெடுஞ்சாலைச் சுவர்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய விளம்பரப் பாட்டை எங்கள் கடை விழாவில் பயன்படுத்தலாமா?

நண்பர்கள் கூடிப் பாடி மகிழ்வதற்குத் தடையில்லை. வணிகத்துக்கு என்றால் எச்சரிக்கை தேவை. ஓரிரு சொற்களாலான வாசகத்துக்குப் பதிப்புரிமை கிடைப்பது பொதுவாகக் கடினம். ஆனால் அதை வணிகச் சின்னமாகப் பதிந்திருக்கலாம், அந்தப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மெட்டும் வரிகளும் சேர்ந்த பாட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 2017-ஆம் ஆண்டின் வணிகச் சின்ன விதிகள் ஒலியையும் சின்னமாகப் பதிய வழி வகுத்துள்ளன. எனவே பழையது என்ற ஒரே காரணத்தால் எதையும் பொதுச் சொத்து என்று கருதிவிடக் கூடாது.

வீட்டுப் பரணில் பழைய விளம்பரத் தகரப் பலகை கிடைத்துள்ளது. எந்தக் காலத்தது என்று எப்படி அறிவது?

பலகையில் ஆண்டு இருக்காது. ஆனால் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் வேறு அடையாளங்கள் இருக்கும். அணாவில் விலை இருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டதாகலாம். வீசை, சேர் கணக்கு இருந்தால் கிலோ கணக்கு நிலைபெறுவதற்கு முன் எழுதப்பட்டிருக்கும். முகவரியில் சென்னை மாநிலம் என்று இருந்தால் 1969-க்கு முன்பும், ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின்பும் எழுதப்பட்டது என்று கொள்ளலாம். பெரியார் மாவட்டம் என்ற பெயர் 1979-க்குப் பிந்திய சில ஆண்டுகளைக் காட்டும். பின்னர் அது ஈரோடு மாவட்டம் ஆயிற்று. நாமக்கல் மாவட்டம் என்று இருந்தால் 1997-க்கும், திருப்பூர் மாவட்டம் என்று இருந்தால் 2009-க்கும் முன்னால் போக வாய்ப்பில்லை.

எழுத்தின் வடிவமும் உதவும். கொம்பு வளைந்த பழைய "லை", "னை", "ணை" வடிவங்களுக்கு மாற்றாக இன்றைய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 1978-ஆம் ஆண்டில். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். பழகிய கையை மாற்ற மனமில்லாத பெயர்ப்பலகை ஓவியர்கள் அதன் பின்னும் நெடுங்காலம் பழைய வடிவத்தையே எழுதினார்கள். மறுபக்கம், ஈரோட்டில் 1925-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெரியாரின் குடி அரசு இதழ் 1935 முதலே சீர்திருத்த எழுத்துகளில் அச்சாகியது. அவரைப் பின்பற்றிய கடைக்காரர்களும் அச்சகத்தாரும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே ஈரோட்டுப் பக்கத்துப் பலகையில் புதிய "லை" இருந்தால், பின்கோடு, மாவட்டப் பெயர், விலை ஆகியவற்றையும் பார்த்த பிறகே காலத்தைக் குறிக்க வேண்டும்.